ஏகமனதாக நிறைவேறிய தீர்மானங்கள்

கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைப் புத்தகங்களைப் படிப்பது ஆய்வாளனாகிய என் உத்தியோகத்தின் ஒரு பகுதி. நெசவாளர் சங்கமாயினும், பயிரிடுவோரின் கடன் சங்கமாயினும், அப்புத்தகங்களில் மிகுதியாகக் காணப்படும் தொடர் ஒன்று உண்டு. ஒருவர் பிரேரேபிக்கிறார், மற்றொருவர் ஆமோதிக்கிறார், தீர்மானம் ‘ஏகமனதாக நிறைவேறியது’. பக்கத்துக்குப் பக்கம் இதே முடிவுரைதான். கட்சிப் பூசல்களும் பங்காளிப் பிணக்குகளும் மலிந்த ஊர்களில் நிர்வாகக் குழுவினர் அனைவரும் ஒரு மனத்தினராய் இருக்கிறார்கள் என்றால் அது மகிழத் தக்க செய்தியே. கூட்டுறவு என்னும் சொல்லே ஒற்றுமையைக் குறிப்பது அன்றோ?

ஆயினும், நஷ்டத்தில் வீழ்ந்த சங்கங்களின் புத்தகங்களைப் பின்னோக்கிப் புரட்டி, அந்த நஷ்டத்துக்கு வித்திட்ட தீர்மானம் எது என்று தேடும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. அந்தத் தீர்மானமும் பெரும்பாலும் ஏகமனதாகவே நிறைவேறியிருக்கிறது. இரண்டு மணி நேரம் வாதாடி, இருவர் மூவர் எதிர்த்து, பின்பு பெரும்பான்மையால் நிறைவேறிய தீர்மானங்கள் சங்கத்தைக் கெடுத்ததாக நான் கண்டது குறைவு. பத்து நிமிஷத்தில், தேநீர் வருவதற்குள், தலையசைப்போடு முடிந்துபோன தீர்மானங்களே பிற்காலத்தில் பெருஞ்சுமையாக வந்து வாய்த்திருக்கின்றன.

ஒரு சங்கம் நொடித்தது என்று கேள்விப்பட்டவுடன், ‘யாரோ தின்றுவிட்டார்கள்’ என்று சொல்வது நம் வழக்கம். கையாடல் இல்லாமல் இல்லை. அதைப் பிடிக்கத் தணிக்கை இருக்கிறது. தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. பற்றுச்சீட்டுகளை ஒப்பிட்டால் கள்ளக் கணக்கு வெளிப்பட்டுவிடும். ஆனால் நேர்மையானவர்கள் கூடி, நல்லெண்ணத்துடன், தவறான முடிவைச் செய்யும்போது அதற்குப் பற்றுச்சீட்டு ஏது? ஒன்றை எல்லோரும் நம்புகிறார்கள். எல்லோரும் நம்புவதால் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லப்படாததால் ஒருவரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. அத்தகைய நம்பிக்கை நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறுவதே இல்லை. தணிக்கையாளர் கண்ணில் படுவதும் இல்லை.

நெசவாளர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டுவதில்லை. பாவு ஓடும்போது இழைக் கணக்குத் தவறிவிட்டால், பிறகு ஊடை எவ்வளவு நேர்த்தியாக ஓடினாலும் துணி சரிவராது. காண்பவர் கண்கள் கரையிலும் முந்தானையிலும் நிற்கும்; பிழையோ தறி ஏறுமுன்பே நிகழ்ந்துவிட்டது. கூட்டத்தில் நாம் பேசுவதெல்லாம் ஊடை. பேசாமலே ஒப்புக்கொண்டுவிடுவது பாவு. அந்தப் பாவை எண்ணிப் பார்க்கும் பழக்கம் நம் சங்கங்களுக்கு வர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூல் வாங்கிய சங்கம்

நான் பார்வையிட்ட ஒரு நெசவாளர் சங்கத்தின் செய்தியை இங்கே சொல்லலாம். ஊர்ப் பெயர் வேண்டாம். 2021ஆம் ஆண்டில் பஞ்சு விலை ஏறத் தொடங்கியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2022 மே மாதத்தில், 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிற்று. நூல் விலையும் உடன் ஏறிற்று. அம்மாதத்தில் அச்சங்கத்தின் நிர்வாகக் குழு கூடியது. மாதத் தேவைக்கு மட்டும் நூல் வாங்குவது அச்சங்கத்தின் வழக்கம். அன்றோ ஆறு மாதத் தேவை முழுவதையும் ஒருசேரக் கொள்முதல் செய்வது என்று முடிவாயிற்று. பணம் மத்தியக் கூட்டுறவு வங்கியில் இருந்த காசுக்கடனிலிருந்து எடுக்கப்பட்டது. ‘மேலும் விலை ஏறுமுன் வாங்குவது சங்கத்துக்கு நலம் பயக்கும் என்பதால்’ என்ற ஒரே வரி காரணமாக எழுதப்பட்டிருக்கிறது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று.

அவ்வாண்டு முடிவதற்குள் பஞ்சு விலை கண்டிக்கு எழுபதாயிரம் ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. உச்ச விலைக்கு வாங்கிய நூல் சங்கத்தின் கிடங்கில் இருந்தது. அதே ரகத்தைப் புதிய விலை நூலில் நெய்தவர்கள் குறைந்த விலைக்கு விற்றார்கள். சங்கத்தின் சேலைகள் தேங்கின. காசுக்கடன் வரம்பு முழுவதும் ஒரே நம்பர் நூலில் முடங்கியதால், வியாபாரிகள் கேட்ட வேறு ரகத்துக்கு வேண்டிய நூலை வாங்கக் கையில் பணம் இல்லை. வட்டி ஒருபுறம் ஏறிற்று. இந்தச் சுமை கடைசியில் யார் தலையில் விழுந்தது? பாவு கிடைக்காமல் தறியை நிறுத்திவைத்த குடும்பங்களின் தலையில் விழுந்தது. அலுவலகத்து ஐந்தொகையில் இத்தகைய முடிவு ஓர் எண்ணாகத் தோன்றும். தறிக்குழியின் அருகே அது அடுப்புக்கு வேண்டிய அரிசி.

அக்குழுவில் இருந்தவர் எவரும் அறிவில் குறைந்தவர் அல்லர். சங்கப் பணத்தில் ஒரு காசு தொட்டவரும் அல்லர். ‘ஏறிய விலை இறங்காது’ என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை மேஜைமேல் எடுத்து வைத்திருந்தால் சில கேள்விகள் தாமே எழுந்திருக்கும். புதுப் பஞ்சு சந்தைக்கு எப்போது வரும்? வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த இறக்குமதி வரியை மத்திய அரசு அந்த ஏப்ரலில் நீக்கியிருக்கிறதே, அதன் பலன் என்ன? விலை இப்படி ஏறிக்கொண்டே போனால் ஆலைகள் கொள்முதலைக் குறைக்கமாட்டாவா? ஒருகால் விலை இறங்கிவிட்டால் நாம் எவ்வளவு இழப்போம்? அக்டோபரில் புதுப் பஞ்சு வரத்துத் தொடங்கும் என்பது எல்லோரும் அறிந்த விஷயம். வரி நீக்கிய செய்தி நாளிதழ்களிலேயே வந்தது. விடை தெரியாமையால் நேர்ந்த நஷ்டம் அன்று இது; கேள்வி எழாமையால் நேர்ந்தது. கேள்விகளுக்குப் பின்பும் அவர்கள் நூல் வாங்கியிருக்கக்கூடும். ஆனால் ஆறு மாதத்துக்கு வாங்கியிருக்கமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

குழுவில் மூத்த நெசவாளர் ஒருவர் இருக்கிறார். நூல் விலையின் ஏற்ற இறக்கங்களைத் தம் ஆயுளில் பன்முறை கண்டவர். அன்று அவருக்கு ஐயம் இருந்ததாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘எல்லாரும் ஒரே பேச்சா இருந்தாங்க. நல்ல காரியம் பேசறப்ப நாம எதுக்கு சார் அபசகுனமாப் பேசணும்னு இருந்துட்டேன்’ என்றார். பின்னர் மற்றவர்களோடு பேசியபோது, வேறு இருவர் மனத்திலும் அதே ஐயம் இருந்தது தெரிந்தது. ‘நமக்கு மட்டுந்தான் இப்படித் தோன்றுகிறது’ என்று ஒவ்வொருவரும் எண்ணி மௌனமாயிருந்திருக்கிறார்கள். ஆக, ‘ஏகமனதாக’ என்று எழுதிய அந்தப் பக்கத்தின் அடியில் மூன்று மாற்று மனங்கள் புதைந்திருந்தன.

கண் கண்டதை வாய் மறுப்பது

இவ்வாறு மௌனம் சாதிப்பது நம் ஊர்க்காரர்களின் தனிக் குணமோ என்று ஐயுற வேண்டாம். மனித இயற்கையே அப்படித்தான் என்பதை அமெரிக்க உளநூல் அறிஞர் சாலமன் ஆஷ் என்பவர் 1951இல் வெளியிட்ட சோதனைகள் காட்டுகின்றன. ஓர் அட்டையில் ஒரு கோடு. மற்றோர் அட்டையில் வெவ்வேறு நீளமுள்ள மூன்று கோடுகள். மூன்றில் எது முதற்கோட்டுக்குச் சமம் என்று சொல்ல வேண்டும். குழந்தையும் சொல்லக்கூடிய விடை. தனியே இருந்து பார்த்தவர்கள் தவறியது மிக மிக அரிது. ஆனால் சோதனை அறையில் ஒருவரைத் தவிர மற்றவரெல்லாம் முன்னரே சொல்லிவைக்கப்பட்டவர்கள். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். அதைக் கேட்டபின் விடை சொன்ன அந்த ஒருவர், ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை, தம் கண் கண்டதை விட்டுவிட்டுக் கூட்டத்தின் விடையையே தாமும் சொன்னார். சோதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூவர் ஒரு முறையேனும் அவ்வாறு இணங்கினர்.

இச்சோதனையின் பிற்பகுதி நமக்கு இன்னும் முக்கியமானது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லுமாறு ஏற்பாடு செய்தபோது, இணங்கிப்போவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பெருங்கூட்டத்தின் ஆதரவு வேண்டியிருக்கவில்லை. ஒரு குரல் போதுமானதாயிற்று. நூல் வாங்கிய சங்கத்தில் அந்த மூத்தவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் மற்ற இருவரும் வாய் திறந்திருப்பார்கள். முதலில் பேசுபவரின் கருத்துச் சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். ஆனால் பிறர் பேச அவர் வழி திறந்துவிடுகிறார். சங்கத்துக்கு அவர் செய்யும் தொண்டு அதுவே.

ராச்டேல் நெசவாளரின் துணிவு

கூட்டுறவு வாரந்தோறும் மேடைகளில் நாம் கேட்கும் பெயர் ராச்டேல். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் கம்பளித் துணி நெய்யப்பட்ட அவ்வூரில், நெசவாளர்களும் பிற தொழிலாளருமாக 28 பேர் வாரத்துக்கு இரண்டு மூன்று பென்ஸ் என்று சேமித்து, 28 பவுன் மூலதனமாக்கி, 1844 டிசம்பர் 21ஆம் நாள் டோடு லேன் என்ற தெருவில் ஒரு கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி போன்ற சில பண்டங்களே அன்று கடையில் இருந்தன. இது எல்லோரும் அறிந்த வரலாறு.

மேடைகளில் அதிகம் சொல்லப்படாத செய்தி ஒன்றும் உண்டு. அதே ஊரில் 1830களில் ஒரு கூட்டுறவுக் கடை தோன்றி, கடன் விற்பனையால் நொடித்து மறைந்திருந்தது. ஏழைத் தொழிலாளிக்குக் கடன் கொடாமல் கடை நடத்த முடியாது என்பது அக்காலத்தில் பரவலாக நிலவிய நம்பிக்கை. கூலி வருமுன் அரிசி பருப்பு வேண்டும். ஆகவே கடன் வேண்டும். கடன் கொடாத கடைக்கு யார் வருவார்? இதைவிட வெளிப்படையான நியாயம் வேறென்ன இருக்கிறது? 1844இல் கூடியவர்கள் அந்த வெளிப்படையான நியாயத்தையே கேள்வி கேட்டார்கள். ரொக்கத்துக்கு மட்டுமே விற்பது என்று விதி செய்தார்கள். ஏழைகள் தங்கள் கடையிலேயே கடன்பட்டு, தங்கள் கடையையே அழிப்பது அதனால் நின்றது. வாங்கிய அளவுக்கேற்ப லாபத்தில் பங்கு என்ற ஏற்பாடும் சேர்ந்து அக்கடையை நிலைநிறுத்திற்று. நம் இயக்கம் அவர்களைத் தன் முன்னோடிகளாகப் போற்றுகிறது. எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த ஒன்றைக் கேள்வி கேட்கும் துணிவும் அவர்கள் விட்டுச்சென்ற சொத்தில் ஒரு பங்கு என்பதை மறக்கலாகாது.

எண்ணிக்கையில் மயங்கிய காலம்

ஒரு சங்கம் மட்டுமன்று, ஓர் இயக்கம் முழுவதுமே சோதியாத நம்பிக்கையில் ஆழ்ந்திருக்கக்கூடும். இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904இல் வந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூருக்கு அருகில் திரூரில் ஒரு கடன் சங்கம் அமைந்தது. அதன்பின் ஐம்பது ஆண்டுகளில் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சங்கங்கள் பதிவாயின. சங்கங்களின் எண்ணிக்கையும் உறுப்பினர் தொகையும் ஆண்டறிக்கைகளில் ஏறிக்கொண்டே வந்தன. சங்கங்கள் பெருகினால், உழவன் லேவாதேவிக்காரனிடமிருந்து விடுபடுகிறான் என்று கொள்வது இயல்பாயிற்று.

1951–52இல் ரிஸர்வ் வங்கி கிராமக் கடனைப் பற்றி ஒரு பெரிய அளவாய்வை நடத்திற்று. 75 மாவட்டங்களில் 600 கிராமங்களில் 1,27,343 குடும்பங்கள் அதில் அடங்கின. இந்த அளவாய்வின் சிறப்பு யாதெனில், சங்கத்தைப் பார்த்து ‘நீ எவ்வளவு கடன் கொடுத்தாய்?’ என்று கேட்பதோடு நில்லாமல், குடும்பத்தைப் பார்த்து ‘நீ யாரிடம் கடன் வாங்கினாய்?’ என்று கேட்டதே. 1954இல் அறிக்கை வெளிவந்தது. உழவர்கள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு நூற்றுக்கு 3.1. அரசாங்கத்தின் பங்கு 3.3. வட்டிக்கு விடுவோரின் பங்கு ஏறத்தாழ 70. ஐம்பது ஆண்டு உழைப்பு நூற்றுக்கு மூன்று என்ற எண்ணில் வந்து நின்றது.

அந்த எண் இயக்கத்தை அழித்துவிடவில்லை. அதனாலேயே இயக்கம் விழித்தது. சங்கங்களின் பங்கு மூலதனத்தில் அரசு சேர்வது, கடனையும் விளைபொருள் விற்பனையையும் இணைப்பது முதலிய ஏற்பாடுகள் அவ்வறிக்கையைத் தொடர்ந்தே வலுப்பெற்றன. 1955இல் பாரத ஸ்டேட் வங்கி அமைந்ததற்கும் அவ்வறிக்கையே தூண்டுகோல். பின்வந்த ஆண்டுகளில் கூட்டுறவின் பங்கு கணிசமாக உயர்ந்தது. நம் சங்கங்களும் இதிலிருந்து ஒரு பாடம் கொள்ளலாம். உறுப்பினர் பட்டியலில் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். அவர்களுள் இன்று எத்தனை பேர் தறியில் அமர்கிறார்கள்? எத்தனை பேர் சங்கத்தின் பாவை நெய்கிறார்கள், எத்தனை பேர் வெளி முதலாளியின் பாவை நெய்கிறார்கள்? தெருவில் நடந்து கேட்டாலொழிய இதற்கு விடை கிடையாது.

மஞ்சள் விலையும் மனக்கணக்கும்

பயிரிடுவோர் தனித்தனியே முடிவு செய்கிறவர்கள். ஆகவே இந்தக் குற்றம் தங்களைச் சாராது என்று அவர்கள் எண்ணலாம். ஈரோட்டு மஞ்சள் சந்தையின் அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது. 2010ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மஞ்சள் குவிண்டால் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் விற்றது. அதைக் கண்டு மஞ்சள் விதைத்தோர் பலர். வைகாசி, ஆனியில் நட்டுத் தை, மாசியில் எடுக்கும் பயிர் அது. நடும்போது காணும் விலைக்கும் விற்கும்போது கிடைக்கும் விலைக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது மாதம் இருக்கிறது. 2012 தொடக்கத்தில் விலை ஐயாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. விதைமஞ்சளுக்கும் வெட்டுக் கூலிக்கும் கடன் வாங்கியவர்கள் பட்ட பாட்டை நான் இங்கே விவரிக்க வேண்டுவதில்லை.

ஒவ்வொரு விவசாயியும் தம் வரப்பில் நின்று தனியே கணக்குப் போட்டார் என்பது மெய்யே. ஆனால் எல்லோருடைய கணக்கின் அடியிலும் ஒரே நம்பிக்கை இருந்தது. ‘இன்றைய விலை அறுவடை நாளிலும் இருக்கும்’ என்பது அது. அதற்குள் இன்னொன்றும் ஒளிந்திருந்தது: ‘நான் மட்டுமே கூடுதலாக நடுகிறேன்.’ எல்லோரும் அவ்வாறு எண்ணி நட்டால், அந்த எண்ணத்தாலேயே அது பொய்யாகிவிடும். 1920களில் ஜெர்மனியில் பன்றி விலையை ஆராய்ந்தவர்கள் இதே சுழலைக் கண்டார்கள். 1938இல் எசக்கியேல் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் இதைச் சிலந்தி வலைக்கு ஒப்பிட்டு விளக்கினார். நம் தக்காளியும் சின்ன வெங்காயமும் இவ்வலையில் அடிக்கடி சிக்குகின்றன.

தனி மனிதருக்கு இந்த வலை கண்ணுக்குத் தெரியாது. சங்கம் என்ற அமைப்புக்கோ தெரிய வழி உண்டு. நடவுக்கு ஒரு மாதம் முன்னதாக, ‘இவ்வாண்டு எத்தனை ஏக்கர் நடப்போகிறீர்கள்?’ என்று உறுப்பினர்களைக் கேட்டு, சென்ற ஆண்டின் பரப்போடு சேர்த்துச் சங்க வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதிவைத்தால் போதும். ‘நான் மட்டுமே’ என்ற எண்ணம் அந்தப் பலகையின் முன் நிற்காது. ஒரு சங்கத்தின் பலகை நாட்டுச் சந்தை முழுவதையும் காட்டிவிடாதுதான். எனினும் பக்கத்துச் சங்கங்களும் எழுதினால் ஒரு வட்டாரத்தின் நிலைமை விளங்கும்.

கூட்டத்தில் இல்லாதவர்கள்

சோதியாத நம்பிக்கைகள் நீடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மறுத்துப் பேசக்கூடியவர்கள் பல நேரங்களில் கூட்டத்திலேயே இருப்பதில்லை. நெசவாளர் என்றவுடன் நம் மனக்கண்ணில் ஓர் ஆடவர் தோன்றுகிறார். 2019–20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் கைத்தறித் தொழிலாளர் 35.22 லட்சம் பேரில் 25.46 லட்சம் பேர் பெண்கள். நூற்றுக்கு 72 பேர். நம் மாநிலத்துத் தறிகளில் ஆண்கள் அமரும் வீடுகளிலும், இராட்டையில் தார் சுற்றுவது பெரும்பாலும் பெண்களே. வாங்கிய நூல் அடிக்கடி அறுகிறதா, சாயம் நிற்கிறதா என்பதை முதலில் அறிபவர்கள் அவர்கள். நூல் வாங்கும் தீர்மானம் நிறைவேறும் அறையில் அவர்களில் எத்தனை பேர் பேசுகிறார்கள்? நிர்வாகக் குழுவில் மகளிர் பெயர் இருப்பது வேறு. அவர்கள் கருத்துக் கேட்கப்படுவது வேறு.

ஆட்கள் மாறவில்லை, முறை மாறிற்று

இக்குறை ஆட்களின் குணத்தால் வருவதா, கூட்டம் நடத்தும் முறையால் வருவதா என்று கேட்கலாம். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் வரலாற்றில் இதற்கு நல்ல விடை இருக்கிறது. கியூபாவின் ஆட்சியைக் கவிழ்க்க, 1961 ஏப்ரல் 17ஆம் நாள், அந்நாட்டிலிருந்து வெளியேறியிருந்த ஏறத்தாழ 1,400 பேரைப் பன்றி வளைகுடாக் கரையில் இறக்கினார்கள். மூன்று நாட்களில் முயற்சி முறிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். படை இறங்கியதும் மக்கள் கிளர்ந்தெழுவார்கள் என்று ஆலோசகர்கள் நம்பினார்கள். முயற்சி தவறினாலும் வீரர்கள் மலைகளுக்குள் சென்று மறைந்துகொள்ளலாம் என்றும் நம்பினார்கள். இறங்கிய கரைக்கும் அம்மலைகளுக்கும் இடையே ஏறத்தாழ எண்பது மைல் தொலைவு. வழியெல்லாம் சதுப்பு நிலம். தேசப்படத்தை விரித்திருந்தால் எவரும் கண்டிருப்பர். பேரறிஞர்கள் அமர்ந்திருந்த அவையில் அதை ஒருவரும் விரித்துப் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் காணப்பட்டபோது, அதே ஜனாதிபதி, பெரும்பாலும் அதே ஆலோசகர்களுடன், கூட்டம் நடத்தும் முறையை மாற்றினார். சில கூட்டங்களுக்குத் தாம் வராமலே இருந்தார். ஒவ்வொரு யோசனையையும் குடைந்து கேள்வி கேட்கும் பொறுப்பைத் தம் சகோதரர் உள்ளிட்ட இருவரிடம் ஒப்படைத்தார். போர் மூளாமல் அந்த நெருக்கடி தீர்ந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டு இர்விங் ஜானிஸ் என்ற அறிஞர் 1972இல் ஒரு நூலே எழுதினார். ஆட்கள் மாறாமலே முறை மாறினால் பயன் உண்டு என்பது நமக்கு ஆறுதலான செய்தி. ஏனெனில் நம் ஊர்களிலும் ஆட்களை மாற்றுவது எளிதன்று.

செய்ய வேண்டுவன

ஆகவே, நம் சங்கங்கள் செலவின்றிக் கைக்கொள்ளத் தக்க ஐந்து பழக்கங்களைச் சொல்கிறேன்.

முதலாவது: குறிப்பிட்ட ஒரு தொகைக்கு மேற்பட்ட எந்தத் தீர்மானத்தின் கீழும் இரண்டு வரிகள் எழுத வேண்டும். ‘இத்தீர்மானம் எதை நம்பிச் செய்யப்படுகிறது?’ என்பது ஒன்று. ‘அது பொய்த்தால் சங்கம் எவ்வளவு இழக்கும்?’ என்பது மற்றொன்று. எழுதத் தொடங்கினாலே பாதி ஐயங்கள் வெளிவந்துவிடும்.

இரண்டாவது: தலைவர் கடைசியில் பேச வேண்டும். தலைவர் முதலில் தம் கருத்தைச் சொல்லிவிட்டால், பின்னால் பேசுவோருக்கு ஆமோதிப்பதைத் தவிர வேறு வேலை இராது. பெரிய கொள்முதலாயின், பேச்சுத் தொடங்குமுன்பே ஒவ்வொருவரும் தம் கருத்தைத் துண்டுச் சீட்டில் எழுதித் தருவது இன்னும் நன்று.

மூன்றாவது: கூட்டத்துக்கு ஒருவராக முறைவைத்து, கேள்வி கேட்பதையே ஓர் உறுப்பினரின் கடமையாக்க வேண்டும். கடமை என்று ஆகிவிட்டால் அதில் பகைமைக்கு இடமில்லை. ‘இவன் எப்போதும் குறுக்கே நிற்கிறான்’ என்ற பழியும் வராது. அடுத்த மாதம் வேறொருவர் அல்லவா குறுக்கே நிற்கப்போகிறார்?

நான்காவது: மாறுபட்ட கருத்தைச் சொன்னவர் பெயருடன் புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆறு மாதங்கழித்து அப்பக்கத்தைத் திரும்பப் படித்து, எது பலித்தது, எது பொய்த்தது என்று பார்க்க வேண்டும். குற்றம் சாட்டுவதற்காக அன்று, கற்றுக்கொள்வதற்காக.

ஐந்தாவது: தீர்மானத்தால் யாருக்கு நன்மையோ தீமையோ விளையுமோ, அவர்களுள் குழுவில் இல்லாத இருவரையேனும் அழைத்துக் கேட்க வேண்டும். நூல் வாங்குவதாயின் அந்த நூலைத் தார் சுற்றுபவரையும், புது ரகம் என்றால் அதை விற்கும் கடைக்காரரையும் கேட்கலாம்.

இரண்டு ஆட்சேபங்கள்

இதனால் சங்கத்தின் ஒற்றுமை குலையும் என்று சிலர் அஞ்சலாம். ஊரில் ஏற்கெனவே இரண்டு கட்சிகள் இருக்கும்போது, கேள்வி கேட்பது மூன்றாவது கட்சிக்கு வழி செய்யுமே என்பார்கள். இந்த அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. சில சங்கங்களில் கேள்வி என்ற பெயரால் பழைய பகை தீர்க்கப்படுவதை நானும் கண்டிருக்கிறேன். ஆளைப் பற்றிய கேள்வியைத் தலைவர் தடுக்க வேண்டும். கணக்கைப் பற்றிய கேள்வியை வரவேற்க வேண்டும். இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்வது நம் முன்னோர் அரசர்களுக்குக் கூறிய அறிவுரை. அரசர்களுக்குத் தேவையாயிருந்தது சங்கத் தலைவர்களுக்குத் தேவையற்றது ஆகிவிடுமா? முடிவு செய்வதற்கு முன்பு வேற்றுமை இருக்கட்டும். முடிவு செய்தபின் ஒற்றுமையாய் உழைப்போம். முன்பு மௌனமாயிருந்துவிட்டுப் பின்பு திண்ணையில் குறை கூறுவதே ஒற்றுமைக்கு உண்மையான பகை.

எல்லாவற்றையும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் நடப்பது எப்போது என்று வேறு சிலர் கேட்பர். விளக்குத்திரி வாங்குவதற்கு இவ்வளவும் வேண்டாம். பெருந்தொகை முடங்கும் தீர்மானங்கள் ஆண்டுக்கு நாலைந்துதான் வரும். அவற்றுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவிடுவது தாமதம் ஆகாது. கேள்வி கேட்பவர் சொல்வதெல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. பல நேரங்களில் குழுவின் முதல் எண்ணமே சரியாயிருக்கும். அப்போதும் நஷ்டமில்லை, நம்பி மட்டும் செய்திருக்கக்கூடிய காரியத்தைத் தெரிந்து செய்தவர்களாகிறோம்.

கூட்டுறவின் மூலதனம் பங்குத் தொகை மட்டும் அன்று. பல தலைகள் கூடுவதால் ஒரு தலைக்குத் தெரியாதது தெரியவரும் என்பதும் அதன் மூலதனமே. பத்துப் பேர் கூடியும் ஒருவர் நினைத்ததையே பத்துப் பேரும் நினைப்பதானால், மற்ற ஒன்பது பேர் அங்கே அமர்ந்திருப்பது எதற்காக? ஆதலால், அடுத்த கூட்டத்தில் ‘ஏகமனதாக’ என்று எழுதுமுன், காரியதரிசி ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்தி, ‘மாற்றுக் கருத்து உடையவர் யாரேனும் உண்டா?’ என்று கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று உறுப்பினர்களை வேண்டிக்கொள்கிறேன். அதன் பின்னும் மனங்கள் ஒன்றாகவே இருந்தால், அச்சொல்லைத் தாராளமாக எழுதலாம்.